ஸ்டென்ட் முன்னால் குதிக்கிறது: குறை ஸ்டென்ட்டிலா, கதீட்டரிலா?

புதுக்குழல்

எல்லோருக்கும் வணக்கம். சிறிய மருத்துவக் கருவி நிறுவனம் ஒன்றில் மூன்று வருடமாகச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தொடைத் தமனிக்கான ஸ்டென்ட் (அடைபட்ட ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) ஒன்றை உருவாக்கிக்கொண்டிருக்கிறோம். நிட்டினால் (நிக்கல்-டைட்டானியம் கலப்பு உலோகம்) குழாயை லேசரில் வெட்டிச் செய்தது. சுருக்கி வைத்த ஸ்டென்ட்டை மூடியிருக்கும் மேல் உறையைப் பின்னால் இழுத்தால் தானே விரியும். விட்டம் 6 மி.மீ., நீளம் 120 மி.மீ., அதை உள்ளே கொண்டுபோகும் மெல்லிய குழாயான கதீட்டர் 6 பிரெஞ்ச் (2 மி.மீ. தடிமன்).

ஸ்டென்ட்டைத் தனியாக எடுத்துச் சோதித்தால் ஒரு குறையும் இல்லை. ரேடியல் விசை (சுவரை வெளிப்பக்கம் தள்ளும் பலம்) கணக்கிட்டபடி வருகிறது, அளவுகளும் சரி. கதீட்டருக்குள் ஏற்றி, 37 டிகிரி தண்ணீரில் சிலிக்கோன் தமனி மாதிரிக்குள் விரிக்கும்போதுதான் சிக்கல். பத்தில் இரண்டு மூன்று, குறித்த இடத்தைத் தாண்டி 4 முதல் 7 மி.மீ. முன்னால் போய் உட்கார்கின்றன. ஒன்றிரண்டு நீண்டு இறங்குகின்றன. 120 இருக்க வேண்டியது 127 இருக்கிறது.

எங்கள் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஸ்டென்ட்டின் விசையைக் குறைத்து வடிவத்தை மாற்ற வேண்டும் என்கிறார்கள் சிலர். கதீட்டரில்தான் கோளாறு என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. வடிவத்தை மாற்றினால் முறிவுச் சோதனை எல்லாம் முதலிலிருந்து. அந்த 40 கோடி துடிப்புச் சோதனையை மறுபடி ஓட்டுவதை நினைத்தாலே தூக்கம் வரவில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

பழையபட்டறை

தம்பி, இப்போதைக்கு ஸ்டென்ட்டைத் தொடாதீர்கள். கதீட்டர் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் முதலில் நான்கு கேள்விகள் கேட்கிறேன். பதில் சொன்னால் பாதி வழி தெரிந்துவிடும்.

குதிப்பது எப்போது? உறை நகரத் தொடங்கும்போதா, கடைசி 10, 15 மி.மீ. வெளியே வரும்போதா? கதீட்டர் நேராகக் கிடக்கிறதா, வளைந்த பாதையிலா? சோதித்தவை அன்றன்று கோத்த மாதிரிகளா, ஸ்டெரிலைஸ் செய்து திரும்பியவையா? தண்ணீரில் இறக்கி எவ்வளவு நேரம் கழித்து இழுக்கிறீர்கள்?

முதல் கேள்வியை ஏன் கேட்கிறேன் என்றால், இரண்டும் வேறு வேறு நோய். கடைசியில் குதிப்பது புளியங்கொட்டை விவகாரம். ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் பிதுங்கிக்கொண்டு பாயும் இல்லையா, அதேதான். ஸ்டென்ட்டின் முன்பகுதி விரிந்து கூம்பாகிவிடும். உறைக்குள் கொஞ்சம்தான் மிச்சம். அந்தக் கூம்பின் சரிவே ஸ்டென்ட்டை முன்னால் தள்ளும். ஏற்கெனவே விரிந்த நீளம் தமனிச் சுவரைப் பிடித்திருந்தால் நகராது. அதனால் கடைசிக் குதிப்பு நீளமான ஸ்டென்ட்டைவிடக் குட்டை ஸ்டென்ட்டுகளில் அதிகம். 120 மி.மீ. ஸ்டென்ட்டில் அது முதன்மைக் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

தொடக்கத்தில் குதித்தால் காரணம் உறையில் சேர்ந்திருக்கும் இழுவிசை. நீங்கள் கைப்பிடியில் இழுக்கிறீர்கள். ஸ்டென்ட் உறையின் உள்சுவரை அழுத்திப் பிடித்திருப்பதால் உறை உடனே நகராது. அது நீளும். உள்ளே இருக்கும் தண்டு அதே அளவுக்கு அழுந்தும், நெளியும். உங்கள் உறை 1200 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதவீதம் நீண்டாலே 12 மி.மீ. பிடி விட்ட கணம் அந்த 12 மி.மீ. ஒரே நொடியில் பின்னால் சுருண்டு போகும், அழுந்தியிருந்த உள்தண்டு முன்னால் நிமிரும். அதோடு ஸ்டென்ட்டும் போகும். நீங்கள் சொல்லும் 4 முதல் 7 மி.மீ. எனக்கு இந்தக் கணக்கைத்தான் நினைவூட்டுகிறது.

நாடித்துடிப்பு

கேத்லேபில் (கதீட்டர் சிகிச்சை நடக்கும் அறை) டெக்னீஷியனாகப் பதினோரு வருடம் ஆகிறது. நாங்கள் பக்கத்தில் நின்று பார்ப்பதைச் சொல்கிறேன், உங்கள் மேசையில் இது தெரியாது.

தொடைத் தமனிக்குப் பல நேரம் மறு பக்கத்துத் தொடையிலிருந்துதான் ஏறுவார்கள். கதீட்டர் மேலே போய், பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் வளைந்து, எதிர்க் காலுக்குள் இறங்கும். சிலருக்கு அந்த வளைவு கொண்டை ஊசி மாதிரி இருக்கும். வெளியே மிச்சமிருக்கும் கதீட்டர் மேசைமேல் தொய்ந்து வளைந்து கிடக்கும். உறையை இழுக்கும்போது முதலில் அந்தத் தொய்வு நிமிரும். அது நிமிரும்போது உள்தண்டு முன்னால் போகும். பழகிய டாக்டர்கள் முதலில் கதீட்டரை லேசாகப் பின்னால் இழுத்துத் தொய்வை எடுத்துவிட்டு, கைப்பிடியைத் தொடைமேல் அழுத்தி வைத்துக்கொண்டுதான் தொடங்குவார்கள். ஸ்டென்ட்டின் முதல் ஒன்றிரண்டு வளையம் சுவரைத் தொட்டதும் சில நொடி நிறுத்துவார்கள். புதிதாக வருபவர்களுக்கு அந்த நிதானம் வர நாளாகும்.

இன்னொன்று. உறைக்குள் உப்புநீர் விட்டு நன்றாக அலசாமல் எடுத்தால் இழுக்கவே கை கனக்கும். அவசரத்தில் இது நடக்கிறது. உங்கள் சோதனையில் அலசுவதை யார் செய்கிறார்கள், எவ்வளவு மி.லி. விடுகிறார்கள் என்று எழுதி வைக்கிறீர்களா?

புதுக்குழல்

நன்றி சார், நன்றி அக்கா. பதில்கள்: குதிப்பது பெரும்பாலும் தொடக்கத்தில்தான், வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். நேரான குழாயில் ஒருமுறைகூட நடக்கவில்லை. எதிர்க் கால் வளைவு வைத்த மாதிரியில்தான் நடக்கிறது. தண்ணீரில் இறக்கி எவ்வளவு நேரம் என்று குறித்து வைக்கவில்லை, ஆளுக்கு ஆள் மாறியிருக்கும். ஸ்டெரிலைஸ் ஆனவையும் ஆகாதவையும் கலந்துதான் சோதித்திருக்கிறோம். இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. தொகுதி எண்ணை வைத்துப் பிரித்துப் பார்க்கிறேன்.

பழையபட்டறை

வெட்கப்பட ஒன்றும் இல்லை, எல்லாப் பட்டறையிலும் ஆரம்பத்தில் இப்படித்தான்.

வளைவில் மட்டும் நடக்கிறது என்பது பெரிய துப்பு. முரட்டு மாட்டைப் பிடித்துக் கட்டும்போது கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு கையாலேயே பிடித்துக்கொள்ளலாம். சுற்றச் சுற்ற உராய்வு கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். உறையும் உள்தண்டும் வளைவில் ஒன்றையொன்று அப்படித்தான் பிடிக்கின்றன. உராய்வு எண் 0.15 என்று வைத்து, அரை வட்டம் வளைந்தால் இழுவிசை 1.6 மடங்காகும். மேசைமேல் இன்னொரு அரை வட்டம் தொய்ந்து கிடந்தால் ஏறத்தாழ 2.6 மடங்கு. தங்கச்சி சொன்ன தொய்வு வெறும் பழக்கக் குறை இல்லை, கணக்கிலேயே இருக்கிறது.

இன்னொரு இடத்தையும் பாருங்கள். உங்கள் நகரும் உறை இன்ட்ரோட்யூசரின் (தமனிக்குள் நுழையும் இடத்தில் வைக்கும் குழாய்) ரப்பர் வால்வு வழியாகப் போகிறதா? போனால் அந்த வால்வு உறையைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் உறையை இழுக்கிறோம் என்று நினைக்கும்போது உள்தண்டு முன்னால் போய்க்கொண்டிருக்கும். நகராத மூன்றாவது உறை ஒன்றை வெளியே போட்டு, வால்வு அதைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது ஒரு தீர்வு. கொஞ்சம் தடிமன் கூடும்; என் கணக்கில் அது கொடுக்க வேண்டிய விலைதான்.

உலோகமொழி

நிட்டினால் ஆராய்ச்சியில் இருக்கிறேன். வெப்பநிலையைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நுழைகிறேன்.

இந்த உலோகம் 1960-ஐ ஒட்டிய வருடங்களில் அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர் கண்டுபிடித்தது. நிக்கல், டைட்டானியம், அந்த ஆய்வுக்கூடம் மூன்றின் முதலெழுத்துகளும் சேர்ந்துதான் பெயர். சாதாரண எஃகு அரை சதவீதம்கூட நீளாமல் நிரந்தரமாக வளைந்துவிடும். நிட்டினால் ஏறத்தாழ 8 சதவீதம் வரை போய்த் திரும்பும். அதற்குள் நடப்பது படிக அமைப்பின் மாற்றம். அந்த மாற்றத்துக்குத் தேவைப்படும் அழுத்தம் வெப்பத்தோடு ஏறும்: ஒரு டிகிரிக்கு 6, 7 மெகாபாஸ்கல்.

இதை உங்கள் மேசைக்குக் கொண்டுவாருங்கள். கேத்லேப் 20, 22 டிகிரி. கதீட்டர் உடலுக்குள் போனதும் ஸ்டென்ட் மெல்லச் சூடாகி 37-ஐ நெருங்கும். 15 டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ 100 மெகாபாஸ்கல் கூடும். ஸ்டென்ட் உறையை இன்னும் பலமாகத் தள்ளும், உராய்வு ஏறும். உடனே இழுத்தவருக்கு லேசாக வரும். இடத்தைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்ட கவனமான டாக்டருக்குக் கனமாக வரும். சோதனையில் நேரத்தைக் குறிக்காவிட்டால் முடிவுகள் ஏன் சிதறுகின்றன என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஸ்டென்ட்டின் ஏஎஃப் வெப்பநிலை எவ்வளவு? (அதாவது சூடாக்கும்போது முழு வடிவத்துக்கும் திரும்பி முடிக்கும் புள்ளி.) அதை ஐந்து டிகிரி உயர்த்தினால் விசை கணிசமாக இறங்கும், ஸ்டென்ட் வடிவத்தை மாற்றாமலேயே. வெப்பப் பதப்படுத்தலை மட்டும் மாற்றினால் போதும். இதை யோசிக்கலாம் என்பது என் கருத்து.

பழையபட்டறை

உலோகமொழி, நேரமும் வெப்பமும் பற்றிச் சொன்னது பொன்னான விஷயம். ஏஎஃப் உயர்த்துவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். கதீட்டரின் குறையை மறைக்க ஸ்டென்ட்டைப் பலவீனமாக்குவது அது. ஏஎஃப் 30-ஐத் தாண்டினால் 37-க்கு உள்ள இடைவெளி குறைந்துவிடும், தொகுதிக்குத் தொகுதி வரும் சின்ன வேறுபாடுகூடப் பெரிதாகத் தெரியும். விரிந்த பிறகு அந்த ஸ்டென்ட் பல வருடம் சுண்ணாம்பு படிந்த தமனியைத் தாங்க வேண்டும். உறையை இழுப்பது அரை நிமிட வேலை. அரை நிமிடத்துக்காகப் பல வருடத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது.

கரிசல்காட்டான்

நான் இந்தத் துறை இல்லை. என் அப்பாவுக்குப் போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைக்கப் போனார்கள். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து, "ஸ்டென்ட் உள்ளே போகவில்லை, குழாய் கல் மாதிரி இருக்கிறது, திரும்ப எடுத்துவிட்டோம்" என்றார்கள். இரண்டு நாள் கழித்து வேறு கருவி வைத்து அடைப்பை அராவிவிட்டு வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அன்றைக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. நீங்கள் பேசுவதைப் படித்தபோது ஒரு பயம் வந்தது. உள்ளே கொண்டுபோய்த் திரும்ப எடுக்கும்போது அந்த ஸ்டென்ட் பலூனிலிருந்து கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இடதுமுன்தமனி

ஐயா, நான் இதய மருத்துவர். உங்கள் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அப்படிக் கழல்வது இன்றைய ஸ்டென்ட்டுகளில் மிக அரிது. கழன்றாலும் வழிகள் இருக்கின்றன. உள்ளே கைடுவயர் (கதீட்டருக்கு வழிகாட்டும் மெல்லிய கம்பி) இருந்தால் அதன் வழியே சிறிய பலூனை ஸ்டென்ட்டுக்குள் செலுத்தி, ஊதி, பிடித்து இழுக்கலாம். சுருக்குக் கம்பி போட்டுப் பிடிக்கலாம். முடியாவிட்டால் ஆபத்தில்லாத இடத்தில் சுவரோடு அழுத்திவைத்துவிடலாம். போகாத ஸ்டென்ட்டை வலிந்து தள்ளாமல் திரும்ப எடுத்தது சரியான முடிவு. உங்களிடம் அதை விளக்கியிருக்க வேண்டும், அது எங்கள் தரப்பின் குறை.

இப்போது பொறியாளர்களுக்கு. நீங்கள் பேசுவது தானே விரியும் வகை. இதயத் தமனியில் நாங்கள் வைப்பது பலூனால் விரிப்பது. ஆனால் இங்கேயும் சிக்கலின் வேர் ஒன்றுதான், அதனால் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன்.

1977 செப்டம்பரில் சூரிக்கில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதல் முறையாக இதயத் தமனியைப் பலூனால் திறந்தார். அவர் பேச்சை 1978-இல் நியூ ஆர்லியன்ஸில் கேட்ட ஹூலியோ பால்மாஸுக்கு, திறந்த குழாய் மறுபடி மூடாமல் உள்ளே ஒரு தாங்கல் வைத்தால் என்ன என்று தோன்றியது. சுவர்ப் பூச்சுக்குப் பயன்படும் வலைத்தகடு ஒன்று அவர் வீட்டு வண்டிக் கொட்டகையில் கிடந்தது. கீறல் கீறலாக வெட்டி இழுத்தால் சாய்சதுரக் கண்களாக விரியும் தகடு. அதுதான் வடிவத்துக்கு விதை. விறைப்பாக இருந்த அந்தக் குழாயை இரண்டு துண்டாக்கி நடுவில் ஒரு சின்ன இணைப்பு கொடுத்தார் ரிச்சர்ட் ஷாட்ஸ், வளைவில் போவதற்காக. பால்மாஸ்-ஷாட்ஸ் ஸ்டென்ட்டுக்கு அமெரிக்காவில் 1994-இல் அனுமதி கிடைத்தது.

அப்போதும் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து அடைப்பது பெரிய பயமாக இருந்தது. அதற்காக நோயாளிக்குக் கடுமையான ரத்த உறைவெதிர்ப்பு மருந்துகள் கொடுத்தார்கள், ரத்தக்கசிவு வந்தது. ஸ்டென்ட் உலோகத்தின் குணமே அப்படி என்று பலர் நம்பினார்கள். மிலானில் அந்தோனியோ கொலம்போவின் குழு தமனிக்குள்ளேயே அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தது. ஆஞ்சியோகிராமில் அழகாகத் தெரிந்த பல ஸ்டென்ட்டுகள் உள்ளே முழுதாக விரியவே இல்லை. அதிக அழுத்தத்தில் ஊதி முழுதாக விரித்து, கடும் மருந்தை விட்டுவிட்டு, பிளேட்லெட் எதிர்ப்பு மருந்து மட்டும் கொடுத்தார்கள். உறைவு குறைந்தது. 1995-இல் அது வெளிவந்தது. பழி முழுவதையும் உலோகத்தின் மேல் போட்டிருந்தோம். நாங்கள் அதைச் சரியாக விரிக்கவில்லை என்பதைப் பார்க்கவே இல்லை.

புதுக்குழல், உங்கள் குழு ஸ்டென்ட்டைக் குற்றவாளி ஆக்கும் முன் இதைக் காட்டுங்கள்.

இரண்டாமாண்டு

பயோமெடிக்கல் படிக்கிறேன். இரண்டு சந்தேகம். பலூன் ஸ்டென்ட் எப்படிக் கழலாமல் உட்கார்ந்திருக்கிறது, ஒட்டுகிறார்களா? அப்புறம், அந்த 40 கோடி எங்கிருந்து வந்தது?

பழையபட்டறை

நல்ல கேள்வி. ஒட்டுவதில்லை.

1990-களின் தொடக்கத்தில் பல இடங்களில் டாக்டர்களே ஸ்டென்ட்டைப் பலூன்மேல் வைத்து விரலால் அழுத்தி இறுக்கினார்கள். ஒருவர் கை மாதிரி இன்னொருவர் கை இருக்காது. அந்தக் காலத்தில் ஸ்டென்ட் கழல்வது சாதாரணப் பேச்சு. இப்போது தொழிற்சாலையிலேயே நடக்கிறது. பலூனை மூன்று இதழாக மடித்து, சுற்றி வைத்து, கேமரா கண்மணி மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே சீராக மூடும் தாடைகளுக்கு நடுவில் ஸ்டென்ட்டை இறுக்குகிறார்கள். இறுக்கும்போது கொஞ்சம் சூடும், பலூனுக்குள் கொஞ்சம் அழுத்தமும் கொடுத்தால், பலூன் ஸ்ட்ரட்டுகளுக்கு (ஸ்டென்ட் வலையின் கம்பிகள்) நடுவில் சின்னச் சின்னத் தலையணையாகப் புடைத்துக்கொள்ளும். அந்தத் தலையணைகள்தான் ஸ்டென்ட்டைப் பிடித்து நிறுத்துபவை. எவ்வளவு விசையில் கழல்கிறது என்று அளக்க தர நிர்ணய அமைப்பான ஏஎஸ்டிஎம்-இன் எஃப்2394 என்ற தனிச் சோதனை முறையே இருக்கிறது.

தலையணை அதிகமானால் பலூன் விரியும்போது சீராக அவிழாது. குறைந்தால் ஸ்டென்ட் நழுவும். மடிப்பு சரியில்லை என்றால் ஸ்டென்ட் ஒரு பக்கம் அதிகம் திறந்து மறு பக்கம் நெருங்கி நிற்கும். பலூன் ஸ்டென்ட்டைவிட ரொம்ப நீளமாக இருந்தால் இரண்டு முனையும் முதலில் ஊதி நாய்க்குப் போடும் எலும்பு வடிவத்துக்கு வரும், நல்ல தமனியின் உட்சுவரைக் கிழிக்கும். குட்டையாக இருந்தால் ஸ்டென்ட்டின் ஓரம் சுவரில் ஒட்டாது. ஆகவே பலூனின் தோளை (ஸ்டென்ட்டைத் தாண்டி நிற்கும் ஓரம்) மில்லிமீட்டரின் பின்னத்தில் அமைக்கிறார்கள்.

விரிந்தால் மட்டும் போதாது, பலூன் திரும்பச் சுருங்கவும் வேண்டும். 2004 ஜூலையில் பாஸ்டன் சயின்டிஃபிக் ஏறத்தாழ 85,000 டாக்சஸ் ஸ்டென்ட்டுகளையும் 11,000 எக்ஸ்பிரஸ்2 ஸ்டென்ட்டுகளையும் திரும்பப் பெற்றது. ஸ்டென்ட்டில் குறையில்லை, பலூன் சுருங்குவது தடைப்படலாம் என்பதுதான் காரணம். இதயத் தமனியில் ஊதிய பலூன் சுருங்காவிட்டால் அந்தப் பக்கத்துத் தசைக்கு ரத்தம் இல்லை. பலூனை நிரப்புவது வெறும் தண்ணீரும் இல்லை, உப்புநீரோடு கலந்த கான்ட்ராஸ்ட் மருந்து (எக்ஸ்ரேயில் தெரிவதற்கானது), அது கெட்டியானது. கதீட்டரின் உள்துளை எங்காவது 20 சதவீதம் குறுகினால், அந்த இடத்தில் ஓட்டத்துக்கான தடை விட்டத்தின் நான்காம் அடுக்குக் கணக்கில் ஏறி, ஏறத்தாழ 2.4 மடங்காகும். உருக்கி ஒட்டிய ஒரு இணைப்பு லேசாக உள்ளே பிதுங்கினாலே போதும்.

உலோகமொழி

40 கோடிக்கு: நிமிடத்துக்கு 72 துடிப்பு, பத்து வருடம். பெருக்கினால் 38 கோடிக்குச் சற்றுக் குறைவு, அதை 40 என்று எடுத்துக்கொள்கிறோம். தொடைக்கு இது மட்டும் போதாது, நடக்கும்போது தமனி மடங்குகிறது, முறுகுகிறது, குறுகுகிறது. அதற்குத் தனிச் சோதனை.

புதுக்குழல், ஏழு மி.மீ. நீண்டு இறங்கியதைச் சின்ன விஷயமாக விட்டுவிடாதீர்கள். 2005-இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு ஆய்வில் தொடைத் தமனியில் நிட்டினால் ஸ்டென்ட் வைத்த 121 கால்களை எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். 45 கால்களில் ஸ்டென்ட் முறிந்திருந்தது. நீளமான ஸ்டென்ட்டில் முறிவு அதிகம். வைக்கும்போதே இழுபட்டுப்போன ஸ்டென்ட் தன் தாங்கு சக்தியில் ஒரு பங்கை முதல் நாளே செலவழித்துவிடுகிறது. நீங்கள் ஆய்வுக்கூடத்தில் 40 கோடி ஓட்டியது சரியான நீளத்தில் இருந்த ஸ்டென்ட்டை. நோயாளிக்குள் இருப்பது 127 மி.மீ. என்றால் அந்தச் சோதனை அவருக்குப் பொருந்தாது.

பழையபட்டறை சார், ஏஎஃப் பற்றி நீங்கள் சொன்னதை இரவு முழுக்க யோசித்தேன். என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

இடதுமுன்தமனி

விசையைக் குறைக்கும் யோசனை வந்ததால் இன்னொரு அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். இதயத் தமனியில் மெல்லிய ஸ்ட்ரட் நல்லது என்பது 2001-லேயே தெரிந்தது; மெல்லிய கம்பி வைத்த தமனிகளில் மறு அடைப்பு குறைவு. அதன்பின் எல்லோரும் மெலிவை நோக்கி ஓடினோம். பழைய சைஃபர் ஸ்டென்ட்டில் 140 மைக்ரான் இருந்த கம்பித் தடிமன், பின்னால் வந்த சைன்ஸ் ஸ்டென்ட்டில் 81-க்கு வந்தது. வளைவில் போவதற்காக வளையங்களுக்கு நடுவில் இருந்த இணைப்புகளையும் குறைத்தார்கள். 2011-இல் சிக்கல் தெரிந்தது. ப்ரோமஸ் எலிமென்ட் ஸ்டென்ட்டில் வளையத்துக்கு வளையம் இரண்டே இணைப்பு. வைத்து முடித்த ஸ்டென்ட்டின் வாயில் இன்னொரு பலூனோ கைடு கதீட்டரோ இடித்தால் கதவுத் திரை மாதிரி நீளவாக்கில் சுருங்கியது. அடுத்த பதிப்பில் வாய்ப்பக்கம் இணைப்புகளைக் கூட்டினார்கள்.

கரைந்துபோகும் அப்சார்ப் ஸ்டென்ட்டும் அதே பாடம். பாலிலாக்டைடில் செய்தது, உலோகம் இல்லாததால் ஸ்ட்ரட் 150 மைக்ரான் வைக்க வேண்டியிருந்தது. குறித்த அளவைவிட அரை மி.மீ.க்கு மேல் விரித்தால் உடையும், குறைவாக விரித்தால் சுவரில் ஒட்டாது. முதலில் அடைப்பை நன்றாகத் திற, அளவை அளந்து எடு, வைத்தபின் மறுபடி ஊது என்று மூன்று படி சொல்லிக்கொடுத்தார்கள். 2016-இல் அமெரிக்காவில் அனுமதி, 2017-இல் விற்பனை நிறுத்தம். தவறு செய்ய இடமே தராத கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கேத்லேபில் நிலைக்காது. இரவு இரண்டு மணிக்கு மாரடைப்போடு வருபவருக்கும் அதே கையால்தான் வைக்கிறோம்.

கரிசல்காட்டான் ஐயாவின் அப்பாவுக்கு இரண்டாவது முறை அராவியதும் இதனால்தான். கல்லான சுவரை உடைக்காமல் ஸ்டென்ட்டை வைத்தால், எந்த அழுத்தத்திலும் அது முழுதாக விரியாது. பாதி விரிந்ததைப் பின்னால் சரிசெய்வது முதலில் செய்வதைவிட மிகக் கடினம்.

கரிசல்காட்டான்

டாக்டர், ஒரு வருடமாக மனதில் கிடந்த கேள்விக்கு இன்றைக்குத்தான் பதில் கிடைத்தது. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நன்றி.

புதுக்குழல்

பத்து நாள் கழித்து வருகிறேன். தொகுதி எண்களைப் பிரித்தேன், புதிய மாதிரிகளையும் சோதித்தேன். குதித்தவை எல்லாமே ஸ்டெரிலைஸ் ஆனவை. புதிதாகக் கோத்தவற்றில் ஒன்றுகூட இல்லை. இழுவிசை வரைபடத்தில் தொடக்க உச்சம் ஸ்டெரிலைஸ் ஆனவற்றில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதற்குப்பின் நகரும்போது இரண்டும் ஒரே அளவுதான். தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்தால் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது.

ஒரு உறையை நீளவாக்கில் பிளந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். உள்சுவரில் ஸ்டென்ட்டின் வடிவம் அச்சு மாதிரி பதிந்திருக்கிறது. ஒவ்வொரு ஸ்ட்ரட்டும் ஒரு சின்னப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பழையபட்டறை

நான் எதிர்பார்த்தது இதுதான். ஸ்டெரிலைஸ் செய்யும் எத்திலீன் ஆக்சைடு வாயு அறையில் 50 டிகிரி சொச்சத்தில் பல மணி நேரம். நிட்டினால் சூட்டில் பலம் கூடித் தள்ளும். பிளாஸ்டிக் சூட்டில் இளகும். இரண்டும் எதிரெதிராக வேலை செய்ய, ஸ்டென்ட் சுவருக்குள் புதைந்துவிடுகிறது. கடை அலமாரியில் இரண்டு வருடம் இருந்தாலும் மெல்ல மெல்ல இதேதான் நடக்கும். ஆகவே இனி ஸ்டெரிலைஸ் செய்து, சூட்டில் வைத்து வயதாக்கிய மாதிரிகளில் மட்டும் சோதியுங்கள், புதியவற்றின் எண்ணை யாரிடமும் காட்டாதீர்கள்.

வழி: உறையின் ஸ்டென்ட் உட்காரும் பகுதியில் மட்டும் உள்சுவரைத் தாங்கும் பின்னல் கம்பியை நெருக்கமாக்குங்கள், வெளி பாலிமரை ஒரு படி கடினமானதாக மாற்றுங்கள். உள்படலம் பிடிஎஃப்இ-ஆகவே (டெஃப்லான் வகை வழுக்கும் பிளாஸ்டிக்) இருக்கட்டும், தடிமனைக் குறையுங்கள். தடிமன் அதிகமானால் புதையவும் ஆழம் அதிகம். மிச்ச நீளத்தில் உறை நீளாமலிருக்க நீளவாக்கில் இழை ஓட்டலாம். உள்தண்டை அழுத்தம் தாங்கும்படி செய்யுங்கள், ஸ்டென்ட்டுக்குப் பின்னால் இருக்கும் முட்டு அசையாமல் இருக்க வேண்டும். ஸ்டெரிலைசேஷன் வெப்பத்தை இறக்க முடியுமா என்று ஒப்பந்தக்காரரிடம் கேளுங்கள், நேரம் கூடினாலும் பரவாயில்லை.

புதுக்குழல்

குழுவில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் சார். ஸ்டென்ட் வடிவம் அப்படியே இருக்கிறது. புதிய உறைக்கு ஆர்டர் போட்டாயிற்று, நகராத மூன்றாவது உறையோடு. இனி ஒவ்வொரு மாதிரியும் ஸ்டெரிலைஸ் செய்து, 55 டிகிரி அடுப்பில் வயதாக்கி, எதிர்க் கால் வளைவில், 37 டிகிரியில் ஐந்து நிமிடம் ஊறவைத்த பிறகே இழுக்கப்படும். அலசும் உப்புநீர் 5 மி.லி. என்று படிவத்தில் சேர்த்துவிட்டேன் அக்கா. கைப்பிடிக்குத் திருகுச் சக்கரமா, நேராக இழுக்கும் பிடியா என்பது மட்டும் முடிவாகவில்லை.

நாடித்துடிப்பு

சக்கரம் என்றால் சீராக வரும், ஆனால் உள்ளே பிடிக்கிறதா என்று விரலுக்குத் தெரியாது. நேர்ப்பிடி தெரியும், ஆனால் கை நடுங்கினால் ஸ்டென்ட்டும் நடுங்கும். இரண்டையும் செய்து அனுப்புங்கள் தம்பி. சோதிக்கும்போது காய்ந்த கையால் பிடிக்காதீர்கள். இரண்டு கையுறை போட்டு, அதன்மேல் உப்புநீரும் கான்ட்ராஸ்ட்டும் தடவிப் பிடித்துப் பாருங்கள். கான்ட்ராஸ்ட் காய்ந்தால் பசை மாதிரி ஒட்டும், ஈரமாக இருந்தால் சக்கரம் வழுக்கும். எங்கள் கை எப்போதும் அந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.